எஸ்யூ எச்எஸ்4 ரீபில்ட் கிட்: பெட்டிக்குள் இருப்பதும் இல்லாததும்

பழைய பிரிட்டிஷ் கார்களில் வரும் எஸ்யூ எச்எஸ்4 கார்பரேட்டருக்கு இரண்டு வகை கிட் விற்கிறார்கள். ஒன்று சர்வீஸ் கிட்: கேஸ்கெட்டுகள், ரப்பர் சீல்கள், ஃப்ளோட் சேம்பரின் (பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) நீடில் வால்வு, அவ்வளவுதான். இன்னொன்று முழு ரீபில்ட் கிட். அதில் இவற்றோடு காற்றுப் பாதையைத் திறந்து மூடும் பட்டர்ஃபிளை டிஸ்க், அதைச் சுழற்றும் த்ராட்டில் ஷாஃப்ட், டிஸ்க்கின் ஸ்க்ரூக்கள், பெட்ரோல் வரும் ஜெட், அதற்குள் நின்று பெட்ரோலை அளந்து விடும் மீட்டரிங் நீடில் எல்லாம் சேர்ந்து வரும். இந்த மதிப்புரை முழு கிட்டைப் பற்றியது. 1962-ல் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தபோது அதில் இருந்த இரட்டை எச்எஸ்4 அமைப்பை மனதில் வைத்து எழுதியது. ஆனாலும் ஸ்பிட்ஃபயர் 1500, பிற்கால மினி என இதே 1½ அங்குல கார்பரேட்டர் உள்ள வண்டிகள் எல்லாவற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல தயாரிப்பாளரிடமிருந்து வரும் முழு கிட் வாங்கத் தகுந்த பொருள்தான். ஆனால் அதை ஆர்டர் செய்வதற்கு முன் கார்பரேட்டர் பாடியை அளந்து பார்த்தே ஆக வேண்டும். அளக்காமல் வாங்கினால் பாதி பாகங்கள் வீணாகும், வண்டியின் கோளாறும் அப்படியே நிற்கும். காரணம், எச்எஸ்4-இல் பெரும்பாலும் முதலில் தேய்வது ஷாஃப்ட்டும் அது சுழலும் துளையும்தான். ஷாஃப்ட் கிட்டில் வருகிறது, துளை வருவதில்லை.

ஷாஃப்ட்டின் அளவு 5/16 அங்குலம், அதாவது 0.3125 அங்குலம் (7.94 மி.மீ.). ஆக்சிலேட்டர் லிவரும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் அதை எப்போதும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருப்பதால் தேய்மானமும் ஒரே பக்கமாக விழும். துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகும். ஷாஃப்ட்டைக் கழற்றி மைக்ரோமீட்டரில் நடுப்பகுதியையும், பாடிக்குள் சுழலும் இரு ஓரங்களையும் அளந்து ஒப்பிட்டால், ஷாஃப்ட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும். பிறகு கிட்டில் வந்த புது ஷாஃப்ட்டைப் பழைய பாடிக்குள் நுழைத்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் நல்லது, கிட் போதும். இன்னும் கடகடவென்று ஆடினால் துளை போய்விட்டது என்று அர்த்தம். அதற்குமேல் என்ன கேஸ்கெட் மாற்றினாலும் பயனில்லை.

அந்த ஆட்டம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஐட்லிங்கில் பட்டர்ஃபிளை கிட்டத்தட்ட மூடியிருக்கும். அப்போதுதான் மேனிஃபோல்டில் வெற்றிடம் மிக அதிகம். தேய்ந்த துளை வழியாக அது காற்றை உறிஞ்சிக்கொள்ளும். ஐட்லிங் ஏறி இறங்கும், சூடானதும் அணையும். மெக்கானிக் என்ன செய்வார்? ஜெட்டின் அட்ஜஸ்டிங் நட்டைத் திருகி ஜெட்டைக் கீழே இறக்கி, கலவையை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆக்குவார். ஐட்லிங் நிற்கும். ஆனால் சாலையில் பட்டர்ஃபிளை திறந்தபின் அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு குறைந்துபோகும், இறக்கிய ஜெட் மட்டும் இறங்கியபடியே இருக்கும். விளைவு: கறுத்த பிளக், கறுத்த புகை, குறைந்த மைலேஜ். 'கார்பரேட்டர் டியூனிங்கே நிக்க மாட்டேங்குது' என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தச் சங்கிலிதான் இருக்கிறது. கிட் விற்பவர்கள் பெட்டியின் மேலேயே இதை அச்சிட்டால் எவ்வளவோ பேருக்கு உதவும்.

துளை போயிருந்தால் இரண்டு வழி. பாடியின் துளையை ரீமர் (துளையைத் துல்லியமாகப் பெரிதாக்கும் கருவி) போட்டுப் பெரிதாக்கி, 0.010 அங்குலம் பெரிதான ஓவர்சைஸ் ஷாஃப்ட் போடலாம். அல்லது துளையைப் பெரிதாக்கிப் புஷ் (உள்ளே செருகும் உலோக வளையம்) அடித்து, பழைய அளவுக்கே கொண்டுவரலாம். புஷ் போடுவதே நல்லது. அடுத்த முறை தேய்ந்தாலும் புஷ்ஷை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கையில் பிடிக்கும் டிரில் மெஷினை வைத்துக்கொண்டு இதைச் செய்யக் கூடாது. இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஷாஃப்ட் இறுகும், ஆக்சிலேட்டரை விட்டாலும் திரும்பாது, அது ஆபத்து. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரே ஓட்டமாக ரீமர் போக வேண்டும். புஷ் காற்றுப் பாதைக்குள் துருத்தக் கூடாது, துருத்தினால் டிஸ்க் முழுதாக மூடாது. முடித்தபின் ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே ஒன்று முதல் இரண்டு தௌ, அதாவது 0.001 முதல் 0.002 அங்குலம் வரை இடைவெளி போதும். லேத் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்வதே சரி. எந்தப் பாகத்தில் கஞ்சத்தனம் பார்த்தாலும் இதில் பார்க்க வேண்டாம்.

ஓவர்சைஸ் ஷாஃப்ட் போடுவதென்றால் கிட்டில் வரும் ஷாஃப்ட் உதவாது. முதலில் அளக்கச் சொன்னது இதற்காகவும்தான். அப்படிப்பட்டவர்கள் சர்வீஸ் கிட்டோடு ஷாஃப்ட்டையும் ஜெட்டையும் தனியாக வாங்குவது மேல்.

அடுத்து டிஸ்க்கும் ஸ்க்ரூவும். பழைய ஸ்க்ரூக்களின் முனை பிளந்து விரித்துவிடப்பட்டிருக்கும், கழன்று விழாமல் இருப்பதற்காக. அந்த முனையை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்திவிட்டுத்தான் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். அப்படியே திருகினால் விரிந்த முனை ஷாஃப்ட்டின் மரையைச் சுரண்டிக்கொண்டு வரும். ஷாஃப்ட் மாற்றத்தானே போகிறோம் என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள், ஸ்க்ரூ பாதியில் முறிந்தால் ஷாஃப்ட்டை வெளியே எடுப்பதே பெரும்பாடாகிவிடும். டிஸ்க்கின் விளிம்பு நேராக வெட்டப்பட்டதல்ல, சரிவாக இருக்கும். எந்த முகம் எந்தப் பக்கம் என்பதைக் கழற்றும்முன் குறித்துவைக்க வேண்டும். புது டிஸ்க்கை ஷாஃப்ட்டில் செருகி, ஸ்க்ரூவைத் தளர்வாக வைத்து, த்ராட்டிலை இரண்டு மூன்று முறை படக்கென்று மூடுங்கள். டிஸ்க் தானாக நடுவில் உட்காரும். மூடியபடியே வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் சுற்றிலும் ஒரே மாதிரி மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிய வேண்டும், அல்லது எங்குமே தெரியக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் பிறை போலத் தெரிந்தால் மறுபடி தளர்த்தி உட்கார வைக்க வேண்டும். பிறகு ஸ்க்ரூவை இறுக்கி முனையை விரித்துவிடுங்கள். இந்த ஸ்க்ரூ கழன்றால் அது போய் விழும் இடம் சிலிண்டர்.

சில பிற்கால எச்எஸ்4-களில் டிஸ்க்கின் மேல் ஒரு சின்ன ஸ்பிரிங் வால்வு இருக்கும். ஆக்சிலேட்டரை விட்டு வண்டி இறக்கத்தில் ஓடும்போது புகையைக் குறைக்க வைத்தது. அந்த ஸ்பிரிங் தளர்ந்தால் ஐட்லிங்கை எவ்வளவு குறைத்தாலும் குறையாது. கிட்டில் எந்த வகை டிஸ்க் வருகிறது என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மாசு விதிகள் தடுக்காத இடங்களில் வால்வு இல்லாத டிஸ்க் போடுவது வழக்கம், நிம்மதியும்கூட.

ஜெட்டும் நீடிலும்தான் இந்தக் கிட்டின் உயிர். விலைக்கு ஏற்ற பலன் இங்கேதான் கிடைக்கிறது. எச்எஸ்4-இன் ஜெட் துளை 0.090 அங்குலம். அதற்குள் நிற்கும் நீடிலின் பருத்த பகுதி 0.089 அங்குலம். ஐட்லிங்கில் பெட்ரோல் வருவது இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வளையம் போன்ற இடுக்கு வழியாக. நீடில் ஒரே ஒரு தௌ தேய்ந்து 0.088 ஆனாலும் அந்த இடுக்கின் பரப்பு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 0.090-இன் வர்க்கத்திலிருந்து 0.089-இன் வர்க்கத்தைக் கழித்தால் 0.000179, 0.088-இன் வர்க்கத்தைக் கழித்தால் 0.000356. கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் ஏன் இப்படி வண்டியை ரிச்சாக ஓட வைக்கிறது என்பது இந்த இரண்டு எண்ணில் புரிந்துவிடும். பழைய நீடிலை விரல்களுக்கிடையே உருட்டி, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று கோடு விழுந்திருந்தால் அது ஜெட்டில் உரசியிருக்கிறது. நீடில் உரசினால் ஜெட்டும் நீள்வட்டமாகியிருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கிட்டில் வரும் நீடில் உங்கள் வண்டிக்கானதுதானா என்பதைக் கண்டிப்பாகச் சரிபார்க்க வேண்டும். 1960-களின் நடுப்பகுதி எம்ஜிபிக்கு 5-ஆம் எண் நீடில். பிற ஆண்டு மாடல்களுக்கு வேறு. நீடிலின் காம்பில் அதன் எழுத்தோ எண்ணோ பொறிக்கப்பட்டிருக்கும், லென்ஸ் வைத்துத்தான் படிக்க முடியும். எஸ்யூ நீடில்கள் ⅛ அங்குலத்துக்கு ஒரு இடம் என்று அளந்து வரையறுக்கப்பட்டவை. ஒரு இடத்தில் சரியாக இருந்து இன்னொரு இடத்தில் மெலிந்திருந்தால், ஐட்லிங் அருமையாக இருக்கும், 3,000 ஆர்பிஎம்மில் மட்டும் தடுமாறும். எந்தக் காருக்கும் பொருந்தும் என்று சொல்லி, நீடிலில் எந்தக் குறியும் இல்லாமல் வரும் மலிவுக் கிட்டை வாங்காமல் இருப்பதே நல்லது.

இன்னொரு குழப்பம்: நிலையான நீடில், ஸ்பிரிங் வைத்த நீடில் என இரண்டு வகை உண்டு. பழைய எச்எஸ்4-களில் நிலையானது. அதன் தோள் பகுதி கார்பரேட்டர் பிஸ்டனின் (காற்றோட்டத்துக்கேற்ப நீடிலோடு ஏறி இறங்கும் பாகம், எஞ்சின் பிஸ்டன் அல்ல) அடிமுகத்தோடு சமமாக இருக்கும்படி வைத்து ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். கொஞ்சம் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் இரண்டு கார்பரேட்டரும் இரண்டு விதமாக ஓடும். பிற்காலத்தது ஸ்பிரிங்கால் ஒரு பக்கம் சாய்ந்து ஜெட்டின் சுவரைத் தொட்டபடியே நிற்கும். இரண்டுக்கும் பிஸ்டன் வேறு. கிட் ஆர்டர் செய்யும்போது வண்டியின் ஆண்டை மட்டும் சொன்னால் போதாது, பிஸ்டனைக் கழற்றிப் பார்த்துச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டில் யாராவது கார்பரேட்டரையே மாற்றியிருக்கலாம்.

நிலையான நீடில் என்றால் ஜெட்டை நடுவாக்கும் வேலை இருக்கிறது. பொறுமை தேவைப்படும் வேலை, ஆனால் கடினமில்லை. ஜெட் பேரிங்கைப் பிடித்திருக்கும் பெரிய லாக் நட்டைத் தளர்த்துங்கள். ஜெட்டை மேல் வரை ஏற்றுங்கள். டாஷ்பாட் (மேலே ஆயில் ஊற்றும் குழாய்) துளை வழியாகப் பென்சிலால் பிஸ்டனை மெல்ல அழுத்திக்கொண்டே நட்டை இறுக்குங்கள். இப்போது பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று உலோகம் உலோகத்தில் விழும் ஓசை கேட்க வேண்டும். ஜெட்டைக் கீழே இறக்கி மறுபடி விட்டாலும் அதே ஓசை, அதே கூர்மை. இறக்கும்போது மட்டும் டக் நன்றாகவும் ஏற்றும்போது மந்தமாகவும் இருந்தால் நீடில் உரசுகிறது, மறுபடி தளர்த்திச் செய்ய வேண்டும். ஐந்தாறு முறை ஆனாலும் பரவாயில்லை. புது ஜெட்டையும் புது நீடிலையும் போட்டுவிட்டு இதைச் சரியாகச் செய்யாதவர், காசு கொடுத்து வாங்கியதைத் தானே தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜெட்டோடு சேர்ந்தே நைலான் டியூப் வரும், அதுதான் ஃப்ளோட் சேம்பரிலிருந்து பெட்ரோல் கொண்டுவருவது. முன் கார்பரேட்டருக்கும் பின் கார்பரேட்டருக்கும் ஜெட் வேறு, டியூப் போகும் திசையைப் பார்த்துப் போடுங்கள். டியூபின் முனையில் நட், வாஷர், ரப்பர் கிளாண்ட் (கசிவைத் தடுக்கும் வளையம்) என்று வரிசையாகக் கோத்து, கிளாண்டுக்கு வெளியே டியூப் குறைந்தது 3/16 அங்குலம் (4.8 மி.மீ.) நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் நழுவிக்கொண்டு வரும். நட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் கிளாண்ட் நசுங்கிச் சொட்ட ஆரம்பிக்கும். பெட்ரோல் சொட்டுவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலே என்பதை மறக்கக் கூடாது.

கிட்டின் பலவீனம் ரப்பரிலும் காகிதத்திலும் இருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய வகை ரப்பர் ஊதும், அல்லது இறுகி வெடிக்கும். சீல்கள் எந்தப் பொருளால் ஆனவை என்று விற்பவரிடம் கேளுங்கள். ஃப்ளோட் வால்வின் முனை விட்டான் ரப்பராக இருந்தால் எத்தனாலைத் தாங்கும், சின்னத் தூசி சிக்கினாலும் மூடிக்கொள்ளும். பித்தளை நீடில் வால்வை விட இதுவே மேல் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. ஃப்ளோட் பெரும்பாலான கிட்டுகளில் வருவதில்லை. பழையதைக் கழற்ற, அதன் கீல் பின்னை (pin) பல் வெட்டிய முனையில் பிடித்து இழுக்க வேண்டும். ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே பெட்ரோல் தளும்பினால் தூக்கிப் போடுங்கள். சந்தேகமிருந்தால் சூடான தண்ணீரில் அமிழ்த்துங்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும்.

மட்டம் வைப்பது எளிது. மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட் தன் எடையால் வால்வை மூடும். அப்போது ஃப்ளோட்டுக்கும் மூடி விளிம்புக்கும் நடுவே ⅛ முதல் 3/16 அங்குலம் (3 முதல் 5 மி.மீ.) இடைவெளி இருக்க வேண்டும். ⅛ அங்குல டிரில் பிட்டை நுழைத்துப் பார்த்தால் போதும். எல்லாம் சரியாக இருந்தும் பெட்ரோல் வழிகிறதா? பம்ப்பின் அழுத்தத்தைப் பாருங்கள். எஸ்யூ ஃப்ளோட் வால்வுக்கு 3 பிஎஸ்ஐ தாராளம். பின்னாளில் யாராவது மாட்டிய எலெக்ட்ரிக் பம்ப் அதைவிட வெகு அதிகமாகத் தள்ளினால் எந்தப் புது வால்வும் தாக்குப்பிடிக்காது, பழி மட்டும் கிட்டின் மேல் விழும்.

கேஸ்கெட் விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஏர் ஃபில்டர் பக்கத்து முகத்தில், பெரிய வாய்க்கு அருகே இரண்டு சின்னத் துளைகள் உண்டு. பிஸ்டனின் அடிப்பக்கம் மூச்சுவிடுவது அவற்றின் வழியாகத்தான். கேஸ்கெட்டிலும் அதற்கேற்ற துளைகள் இருக்கும், ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும். தலைகீழாக மாட்டினாலும் போல்ட் துளைகள் பொருந்திவிடும், மூச்சுத் துளைகள் அடைபட்டுவிடும். பிஸ்டன் சரியாக ஏறாது, வண்டி இழுவையே இல்லாமல் கிடக்கும். கார்பரேட்டரை முழுக்கப் பிரித்துக் கோத்தபின் 'முன்னைவிட மோசமாகிவிட்டது' என்று வருகிற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. கிட்டோடு வரும் தாளில் இதற்கு ஒரு படம் போட்டுக் கொடுக்கிற தயாரிப்பாளரை நம்பலாம்.

கிட்டில் இல்லாத, இருக்கவும் முடியாத ஒன்று பிஸ்டனும் அதை மூடியிருக்கும் சக்‌ஷன் சேம்பரும். இரண்டும் ஜோடி. முன் கார்பரேட்டரின் பிஸ்டனைப் பின்னதில் போடக் கூடாது. பெட்ரோலோ தின்னரோ தொட்ட துணியால் மட்டும் துடையுங்கள். எமரி தாள், மணல் பிளாஸ்டிங் எதுவும் இங்கே வரக் கூடாது, இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிதான் கார்பரேட்டரே. சோதிக்க ஒரு வழி: ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பிஸ்டனின் அடியிலுள்ள துளைகளைக் களிமண் வைத்து அடைத்து, பிஸ்டனை முழுதாக உள்ளே தள்ளி, டேம்பரை (டாஷ்பாட்டின் மூடியோடு சேர்ந்த தண்டு) மாட்டித் தலைகீழாக்கி, பிஸ்டனைப் பிடித்துக்கொண்டு சேம்பரை விடுங்கள். முழுதாக இறங்க எச்எஸ்4-க்கு 5 முதல் 7 விநாடி ஆக வேண்டும். வேகமாக விழுந்தால் தேய்ந்திருக்கிறது, நின்று நின்று இறங்கினால் அழுக்கோ நெளிவோ இருக்கிறது. ஸ்பிரிங்கையும் பாருங்கள். முனையில் நிறம் பூசியிருக்கும். சிவப்பு என்றால் 4½ அவுன்ஸ், எம்ஜிபிக்கு உரியது. வெளிர்நீலம் 2½, மஞ்சள் 8, பச்சை 12. ஒரு கார்பரேட்டரில் சிவப்பும் மற்றதில் மஞ்சளும் இருந்தால் வாழ்நாள் முழுக்க டியூன் செய்தாலும் இரண்டும் ஒத்துப்போகாது.

கோத்து முடித்ததும் டாஷ்பாட்டில் எஸ்ஏஇ 20 எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். மூடியில் காற்றுத் துளை உள்ள வகைக்கு, உள்ளீடற்ற பிஸ்டன் தண்டின் மேல் விளிம்புக்கு ½ அங்குலம் மேலே வரை. ஆயில் மெலிந்திருந்தால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு கணம் வண்டி திணறும். கெட்டியாக இருந்தால் பிஸ்டன் ஏற மறுக்கும். ஜெட்டைப் பாலத்தின் (காற்றுப் பாதையில் பிஸ்டனுக்கு நேர் கீழே உள்ள மேடு) மட்டத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து அட்ஜஸ்டிங் நட்டை இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 முகம் (அறுகோண நட்டின் ஒரு பட்டை ஒரு முகம்) இறக்குங்கள், இரண்டு கார்பரேட்டருக்கும் ஒரே மாதிரி. வால்வு கிளியரன்ஸ், பாயின்ட், டைமிங் எல்லாம் சரியாக வைத்து, எஞ்சின் நன்றாகச் சூடானபின், முதலில் இரண்டின் காற்று இழுப்பையும் சமமாக்குங்கள். ரப்பர் குழாயை ஒரு முனை காதிலும் மறுமுனை கார்பரேட்டர் வாயிலும் வைத்துச் சீறலைக் கேட்டே செய்யலாம்.

பிறகு கலவை. பிஸ்டனைத் தூக்குவதற்கான பின்னை (pin) அழுத்தி, பிஸ்டனை 1/32 அங்குலம் (0.8 மி.மீ.) மட்டும் உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச், நட்டை ஒரு முகம் ஏற்றுங்கள். உடனே இறங்கினாலோ அணைந்தாலோ லீன் (பெட்ரோல் குறைவு), ஒரு முகம் இறக்குங்கள். ஒரு நொடி லேசாகக் கூடி மறுபடி பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒன்றை மாற்றினால் மற்றதும் கொஞ்சம் மாறும், ஆகவே மாறி மாறி இரண்டு மூன்று முறை. புஷ் போட்ட பாடியும் புது ஜெட்டும் நீடிலும் இருந்தால் ஒவ்வொரு முகத்துக்கும் எஞ்சின் பதில் சொல்லும். அளந்து பார்த்து வாங்கிய கிட் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். மூன்று முகம் திருகியும் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் எங்கோ இன்னும் காற்று இழுக்கிறது.

எஞ்சினை அணைத்து, பம்ப்பை மட்டும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஃப்ளோட் சேம்பர் மூடி, ஜெட் டியூபின் நட், ஓவர்ஃப்ளோ குழாய் மூன்றையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். புது கிளாண்ட் பெட்ரோலில் ஊறி இரண்டு நாள் கழித்துத்தான் தன் நிலைக்கு வரும், அப்போது இன்னொரு முறை ஒற்றிப் பார்த்துவிட்டு நெடுந்தூரம் எடுங்கள்.